மண் அணை பழுதுபார்ப்புக் குழுவின் வேலை: வெலிமடைத் தோட்டம் ஒன்றிலிருந்து

எங்கள் மரக்கறித் தோட்டத்தின் மேல்மூலையில், ஓடைக்குக் குறுக்கே அப்பா காலத்தில் போட்ட 12 அடி உயர மண் அணை இருக்கிறது. ஆடி, ஆவணியில் இலங்கையின் எங்கள் ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும்போது கிழங்கையும் போஞ்சியையும் காப்பது அதில் தேங்கும் நீர்தான். சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் நீர் கட்டின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. நேர் கீழே, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், ஆறு குடும்பங்கள். அவர்களைக் கோயில் மண்டபத்துக்கு அனுப்பிவிட்டு, விடியும்வரை டோர்ச்சுடன் கட்டின்மேல் நின்றேன்.

அதன்பின் அழைத்த குழுவிடம், கட்டை இன்னும் உயர்த்தித் தரும்படி கேட்டேன். முன்பு மண் அள்ளும் பெக்கோ இயந்திரக்காரர் ஒருவர் செய்ததும் அதுவே: இறுக்காத மண்ணை மேலே கொட்டிவிட்டுப் போனார். இவர்கள் மறுத்துவிட்டார்கள். மண் அணையின்மேல் நீர் ஏறி வழிந்தால் பின்சரிவு (வெளிப்பக்கச் சரிவு) அரிபட்டுக் கட்டே போய்விடும் என்பதால், உயரத்தைவிட மிகைநீர் போகும் வழியே முதன்மை என்று விளக்கி, கட்டுக்கு வெளியே இயற்கையான கெட்டி நிலத்தில் வெட்டியிருந்த வானை, அதாவது மிகைநீர் வழிந்தோடும் வாய்க்காலை, மூன்று அடியிலிருந்து ஒன்பது அடிக்கு அகலப்படுத்திக் கல் பதித்தார்கள். நான் கொடுத்த பணத்தில் மிகச் சரியாகச் செலவானது இதுதான்.

கட்டின் அடியில் நீரை வெளியே விடும் குழாயின் வெளிமுனையருகே கசிந்த நீரைத் தலைவர் ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். தெளிந்த கசிவு எந்த மண் அணையிலும் இருக்கும். கலங்கல் என்றால் உள்ளே மண் கரைந்து போகிறது என்று பொருள். எங்கள் போத்தலின் அடியில் ஒரு விரற்கடை சேறு படிந்தது. 1986 ஏப்ரல் 20 அன்று உடைந்து 100 பேருக்கு மேல் பலிகொண்ட கந்தளாய்க் குளத்தின் கட்டும் மண்கட்டுதான் என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது. நீரை ஒரே நாளில் இறக்கினால் நீர்ப்பக்கத்து ஈரமான உட்சரிவு சரிந்துவிடும் என்று, பத்து நாட்கள் எடுத்து மெல்ல இறக்கினார்கள். பிறகு குழாயைச் சுற்றித் தோண்டி, கையில் உருட்டினால் உடையாமல் கயிறாக நீளும் பதத்தில் களிமண்ணை அரையடிக்கும் குறைந்த படைகளாக இட்டு இடித்தார்கள். வெளிமுனையைச் சுற்றி மணல் வடிகட்டியும் வைத்தார்கள். கட்டின்மேல் நின்ற இரண்டு யூகலிப்டஸ் மரங்களையும் வேரோடு எடுத்து, குழிகளை அதே முறையில் நிரப்பினார்கள். வெட்டிவிட்டு வேரை விட்டால், அது உக்கி நீருக்கு வழியாகிவிடுமாம்.

குறைகளும் உண்டு. மூன்று வாரம் என்றது ஐந்து வாரமானது. பின்சரிவின் கீழ்ப்பாதிக்குப் புல் பதிக்காமல் போனதால், முதல் மழையிலேயே விரல் ஆழத்துக்குக் கோடுகள் விழுந்தன. இரண்டு முறை தொலைபேசியில் வற்புறுத்திய பின்னரே வந்து முடித்தார்கள்.

போத்தலை என்னிடமே விட்டுச் சென்றார்கள். ஞாயிறுதோறும் கசிவு நீரைப் பிடித்துப் பார்க்கிறேன். இப்போது தெளிவாக இருக்கிறது. இந்த ஐப்பசியில் வான் மூன்று நாட்கள் பாய்ந்தது. லயத்தில் யாரையும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை.