நீலப் போர்டுக்குப் பதில் சிவப்புப் போர்டு: கார்பைடு லோடு ஏற்றுகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

எங்களிடம் இரண்டு லாரிகள் இருக்கின்றன. அப்பா காலத்திலிருந்து சிமெண்டும் உரமும்தான் ஏற்றி வந்தோம். போன வருடம்தான் முதன்முறையாகக் கால்சியம் கார்பைடு லோடு கிடைத்தது. சென்னைக்கு வெளியே இருக்கும் ஒரு குடோனிலிருந்து கோயம்புத்தூர்ப் பக்கத்து ஃபவுண்டரிகளுக்குக் கொண்டுபோக வேண்டும். உருக்கிய இரும்பில் இருக்கும் கந்தகத்தை எடுக்க அங்கே கார்பைடு போடுகிறார்கள். ஒரு டிரம் 100 கிலோ, ஒரு நடைக்கு 60 டிரம்.

ஆபத்தான சரக்கு என்பதால் டிரைவருக்கு மூன்று நாள் பயிற்சி, லைசென்ஸில் அதற்கான பதிவு, டிரெம் கார்டு (விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வண்டியில் வைத்திருக்கும் அட்டை) எல்லாம் முறையாகச் செய்தோம். கடைசியாக மிஞ்சியது எச்சரிக்கைப் போர்டு. அதில்தான் ஏமாந்தோம்.

சேஃப்டி சாமான்கள் விற்கும் ஒரு கடையில் ஆர்டர் கொடுத்தேன். வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை. "சார், நாங்க தினமும் டேங்கருக்குப் போர்டு அடிக்கிறோம். நீங்க சரக்கோட பேரை மட்டும் அனுப்புங்க, மத்தது எங்க பொறுப்பு" என்றார்கள். இரண்டு லாரிக்கும் போர்டு, குடோனுக்கு ஒன்று, டிரம் ஸ்டிக்கர் ஒரு கட்டு என்று 18,400 ரூபாய் பில். அவர்கள் கேட்டது பெயரும் அளவும் மட்டும்தான். சரக்கின் பாதுகாப்புத் தாளை, அதாவது எஸ்டிஎஸ்ஸை, கேட்கவே இல்லை. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. இன்றைக்கு யாராவது அதைக் கேட்காமல் போர்டு அடித்துத் தருகிறேன் என்றால் அந்தப் படியை விட்டு இறங்கிவிடுவேன்.

வந்த போர்டில் மேலே பெரிய எழுத்தில் கால்சியம் கார்பைடு என்று சரியாகவே இருந்தது. அதைப் பார்த்துத்தான் நானும் திருப்தியாகிவிட்டேன். பெயருக்குக் கீழே இருந்ததெல்லாம் பெட்ரோல் டேங்கரின் போர்டு. சிவப்புக் கட்டத்தில் தீச்சுடர், கீழ் மூலையில் அபாய வகுப்பின் எண் 3. சரக்கு எது என்று காட்டும் யூஎன் நம்பர் 1203. எப்படி அணைக்க வேண்டும் என்று சொல்லும் ஹஸ்கெம் குறியீடு 3ஒய்இ. பழைய டிசைனை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

இதில் என்ன பெரிய தப்பு, இரண்டும் தீப்பிடிக்கிற சரக்குதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கடைக்காரரும் அதைத்தான் கேட்டார். கார்பைடு தானாகத் தீப்பிடிக்கிற பொருள் இல்லை. அதன்மேல் தண்ணீர் பட்டால்தான் வினை. சந்தையில் கிடைக்கும் ஒரு கிலோ கார்பைடு ஏறக்குறைய 300 லிட்டர் அசிட்டிலீன் வாயுவைக் கக்கும். அந்த வாயு காற்றில் இரண்டரை சதவீதம் கலந்தாலே போதும், ஒரு பொறி பட்டால் வெடிக்கும். அதனால்தான் இதற்குத் தனி வகுப்பு: 4.3, தண்ணீர் பட்டால் எரியும் வாயுவை விடும் பொருட்கள். அதன் அடையாளம் நீலக் கட்டம், அதற்குள் கறுப்பு அல்லது வெள்ளைச் சுடர், கீழே 4. கார்பைடின் யூஎன் நம்பர் 1402. ஹஸ்கெம் குறியீடு 4டபிள்யூ.

அந்தக் குறியீட்டின் முதல் எண் தீயணைப்பு வீரருக்காக எழுதப்பட்டது. 3 என்றால் நுரை அடிக்கலாம். 4 என்றால் உலர்ந்த பொருள் மட்டும், தண்ணீரோ நுரையோ கிட்டவே வரக்கூடாது. நுரை தண்ணீர் இல்லையே என்று நினைக்கலாம். தீயணைப்பு நுரைக் கரைசலில் நூற்றுக்கு 94 முதல் 97 பங்கு தண்ணீர்தான். பின்னால் வரும் டபிள்யூ, இது சீறி வெடிக்கக்கூடியது, ரசாயன உடை போட்டுக்கொண்டு போ, சிந்தியதைச் சாக்கடையில் கழுவி விடாதே என்கிறது. ஆக, எங்கள் லாரி சங்ககிரி வரைக்கும் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு போனது, "தீப்பிடித்தால் என் மேல் நுரை அடியுங்கள்" என்று.

சங்ககிரியைத் தாண்டித்தான் நடந்தது. நவம்பர் மாதம், மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பின்பக்க இடது சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டு லைனர் கருகிப் புகை வந்திருக்கிறது. டிரைவர் அண்ணன் வண்டியை ஓரம்கட்டிய இடத்துக்கு எதிரில் ஒரு டீக்கடை. புகையைப் பார்த்ததும் கடைக்காரர் கிளாஸ் கழுவும் அண்டாவிலிருந்து ஒரு வாளியை மொண்டுகொண்டு ஓடி வந்தார். மனிதாபிமானத்தோடுதான் வந்தார், அவர்மேல் குறையே இல்லை. அண்ணன் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றுகொண்டு, "ஊத்தாதீங்க, தண்ணி பட்டா வெடிக்கும்" என்று கத்தியிருக்கிறார். யாரோ அதற்குள் போன் போட்டுவிட்டதால் கால் மணி நேரத்தில் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது.

வந்த அதிகாரி தூரத்தில் நின்றே போர்டைப் படித்திருக்கிறார். அப்படித்தான் படிக்கச் சொல்லிக் கொடுப்பார்கள், கிட்டே போவதற்கு முன்னால் சரக்கு என்னவென்று தெரிந்துகொள்ளத்தானே போர்டு. சிவப்பு, 3, 3ஒய்இ. உடனே நுரைக் குழாயை இழுக்கச் சொல்லிவிட்டார். அண்ணன் கேபினிலிருந்து டிரெம் கார்டை எடுத்துக்கொண்டு ஓடிக் காட்டியிருக்கிறார். அதிகாரி கேட்ட கேள்வியை அண்ணன் என்னிடம் சொன்னபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது: "போர்டுல ஒண்ணு இருக்கு, பேப்பர்ல ஒண்ணு இருக்கு. நான் எதைப்பா நம்புறது?"

போர்டில் இருந்த அவசர எண்ணுக்கு அவர் போன் செய்திருக்கிறார். எடுத்தது எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு கம்பெனி. கடைக்காரர் பழைய டிசைனில் இருந்த நம்பரைக்கூட மாற்றவில்லை.

கடைசியில் அண்ணன் தார்ப்பாயின் ஒரு மூலையைத் தூக்கி, டிரம்மின் மேல் தயாரிப்பாளரே ஒட்டியிருந்த உள்ளங்கை அளவு நீல லேபிளைக் காட்டியிருக்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் அதிகாரி நுரையை நிறுத்தச் சொன்னார். சக்கரத்துக்கு டிசிபி என்கிற உலர்ந்த தீயணைப்புப் பவுடர் அடித்து, உலர்ந்த மணலைப் போட்டு, ஆட்களைத் தள்ளி நிறுத்திக் காத்திருந்தார்கள். புகை அடங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் கோயம்புத்தூரில் லோடு இறக்கும்போது நானும் போய் நின்றேன். பின்வரிசையில் ஒரு டிரம் மூடி நசுங்கி இருந்தது. மூடியைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்திருந்தது. கிட்டே போனால் பூண்டு வாடை. ஈரக் காற்று உள்ளே போய் வினை நடந்திருக்கிறது என்று அர்த்தம். சுத்தமான அசிட்டிலீனுக்கு அந்த வாடை கிடையாது, கார்பைடில் கலந்திருக்கும் கசடால் வருவது. அந்த டிரம் புகைந்த சக்கரத்துக்கு நேர் மேலே இருந்தது. அதன்மேல் நுரை கொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே நின்றபடியே நினைத்துப் பார்த்தேன். இன்னும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

போர்டு அடித்த கடைக்குப் போய்க் கேட்டபோது, "ப்ரூஃப் அனுப்பினோமே, நீங்கதானே ஓகே சொன்னீங்க" என்றார்கள். உண்மைதான். ராத்திரி வாட்ஸப்பில் வந்த படத்தைப் பார்த்து ஓகே என்று அனுப்பியவன் நான்தான். ஆனால் "மத்தது எங்க பொறுப்பு" என்று சொல்லிக் காசு வாங்கியவர்கள் அவர்கள். சண்டை போட்ட பிறகு மாற்றித் தருகிறோம் என்றார்கள். இரண்டாவது வந்தது சிவப்பும் வெள்ளையும் செங்குத்துப் பட்டையாக மாறி மாறி வரும் கட்டம். "கீழ 4 இருக்குல்ல சார்" என்றார்கள்.

இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். நான்காம் வகுப்பில் மூன்று பிரிவுகள். 4.1 எரியும் திடப்பொருள், அதற்குத்தான் அந்தப் பட்டை. 4.2 காற்றுப் பட்டாலே தானாகப் பற்றுவது, மேல்பாதி வெள்ளை, கீழ்பாதி சிவப்பு. 4.3 நீலம். மூன்றுக்கும் ஒரே சுடர், கீழ் மூலையில் மூன்றுக்கும் வெறும் 4 மட்டும்தான் இருக்கும், 4.3 என்று போட மாட்டார்கள். ஆக ஒன்றிலிருந்து மற்றதைப் பிரித்துச் சொல்வது கலர் மட்டும்தான். கலர் தப்பினால் லேபிளே தப்பு.

மூன்றாவதாக நீலம் வந்தது. சாதாரண வினைல், வெயில் தாங்கும் மேல்பூச்சு கிடையாது. மூன்றே மாதத்தில் வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்டது.

குடோன் போர்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் என்எஃப்பிஏ 704 என்ற நான்கு வண்ணக் கட்டத்தைக் கொடுத்தார்கள். அதில் இடப்பக்கம் நீலம் இருக்கும். ஆனால் அந்த நீலம் உடல்நலக் கேட்டைச் சொல்வது, தண்ணீருக்குச் சம்பந்தமில்லாதது. தண்ணீர் ஆகாது என்பதைக் கீழே வெள்ளைக் கட்டத்தில் குறுக்குக் கோடு போட்ட டபிள்யூ எழுத்தால் காட்டுவார்கள். எங்களுக்கு வந்த போர்டில் அந்தக் கோட்டைக் காணோம். டிசைன் செய்த பையன் பிழை என்று நினைத்து அழித்துவிட்டானாம். கோடு இல்லாத டபிள்யூவைப் பார்க்கிறவர் தண்ணீர் ஊற்று என்றுதானே எடுத்துக்கொள்வார்?

பணத்தைத் திருப்பித் தரவில்லை. வியாபாரத்துக்காக வாங்கிய பொருள் என்பதால் நுகர்வோர் கோர்ட்டில் எடுபடுவது கஷ்டம் என்று வக்கீல் சொன்னார். நோட்டீஸுக்கு இதுவரை பதில் இல்லை.

இப்போது நான் எப்படி வாங்குகிறேன் என்று சொல்கிறேன். எஸ்டிஎஸ்ஸில் 14-வது பகுதி போக்குவரத்துக்கானது. யூஎன் நம்பர், வகுப்பு, துணை அபாயம் எல்லாம் அங்கே இருக்கும். போர்டில் வரவேண்டியதை அதைப் பார்த்து நானே எழுதிக் கொடுத்துவிடுகிறேன், கடைக்காரர் தேர்ந்தெடுக்க ஒன்றும் மிச்சம் வைப்பதில்லை. 5-வது பகுதி தீயணைப்பு. அதில் தண்ணீரும் நுரையும் கூடாது என்று இருந்து, போர்டின் குறியீடு 2 அல்லது 3 என்று தொடங்கினால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது. அளவுக்கு 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 134-வது விதியைப் பார்க்கிறேன்: இரண்டு பக்கமும் பின்னாலும் போர்டு, வகுப்பு லேபிள் 250 மில்லிமீட்டருக்குக் குறையாமல், சரக்கின் பெயர் 50 மில்லிமீட்டர் உயர எழுத்தில், கூடவே அவசர எண்களும் அனுப்புகிறவரின் எண்ணும். போர்டு வந்ததும் அந்த எண்களுக்கு நானே போன் செய்து பார்க்கிறேன்.

துணை அபாயத்தை விட்டுவிடாதீர்கள். தானியக் கிடங்குகளில் பூச்சி கொல்லப் போடும் அலுமினியம் பாஸ்பைடு நீல லேபிளோடு நிற்காது, விஷத்துக்கான 6.1 லேபிளும் வேண்டும், ஏனென்றால் ஈரம் பட்டால் வருவது எரியவும் கொல்லவும் கூடிய பாஸ்பீன். சிவகாசிப் பக்கம் அலுமினியம் பவுடர் ஏற்றுகிறவர்கள் பூச்சு உள்ளதா இல்லாததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பூச்சு இல்லாதது 1396, நீலம். பூச்சு உள்ளது 1309, பட்டை. மூட்டையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

அதே சமயம், தண்ணீரோடு சீறும் எல்லாவற்றுக்கும் நீலம் கிடையாது. தெரிந்த ஒருவர் தயோனில் குளோரைடு என்ற ரசாயனத்தின் டிரம்முக்கு நீல லேபிள் ஒட்டியிருந்தார். அதிலிருந்து வருவது அரிக்கும் வாயு, எரியும் வாயு இல்லை. அது 8-ஆம் வகுப்பு.

புதுப் போர்டுகள் வேறொரு இடத்தில் வெயில் தாங்கும் வினைலில் அடித்தவை, 26,000 ரூபாய் ஆனது. அதற்குக் கீழே விதியில் இல்லாத ஒரு பலகையையும் மாட்டியிருக்கிறேன். கட்டத்தின் கலர் அதிகாரிக்குப் புரியும், வாளியோடு ஓடி வருகிறவருக்குப் புரியாது. அதனால் ஒரு ஜாண் உயர எழுத்தில் "தண்ணீர் ஊற்றாதீர்கள், மணல் போடுங்கள்" என்று தமிழில் எழுதினேன். போன மாதம் பாலக்காட்டுக்கு ஒரு லோடு கிடைத்தது. வாளையார் தாண்டினால் தமிழ் படிப்பவர்கள் குறைவு என்று டிரைவர் அண்ணன்தான் ஞாபகப்படுத்தினார். மலையாளத்திலும் எழுதி மாட்டிய பிறகுதான் வண்டியை எடுத்தார்.