உப்புக்காற்றில் எது நிற்கும்? பழைய சாமான்களில் அடுக்கிய எங்கள் வீடு

பழைய பொருளைச் சேமிப்புப் பெட்டியாக மாற்றும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. அதில் பாதி நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஒத்துவராது. குளச்சலுக்கும் மணவாளக்குறிச்சிக்கும் நடுவில், கடலிரைச்சல் கேட்கிற தூரத்தில் எங்கள் வீடு. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை செப்டம்பரில் ஓய்ந்தால், அக்டோபரில் வடகிழக்கு பிடித்துக்கொள்ளும். உப்புக்காற்றுக்கு ஓய்வே கிடையாது. ஏழெட்டு வருஷம் புழங்கிப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: ஒரு பழைய பொருளை எடுக்கும்போது, அது எதனால் செய்தது, உள்ளே காற்று போகுமா என்று முதலில் பாருங்கள். எவ்வளவு பிடிக்கும் என்பதெல்லாம் பிறகு.

எங்கள் வீட்டில் முதலிடம் பத்தாயத்துக்கு. ஆயினிப் பலகையில் செய்தது. வயலெல்லாம் தென்னையும் வாழையுமாக மாறிய பிறகு நெல் போட வழியில்லாமல் பின்கட்டில் கிடந்தது. இப்போது போர்வை, தலையணை, விசேஷத்துக்கு மட்டும் எடுக்கிற ஜமுக்காளம் எல்லாம் அதில்தான். ஆசாரியிடம் சொல்லிப் பின்பலகையில் விரல் நுழைகிற அளவுக்கு வரிசையாகத் துளை போட்டு, உட்புறம் கொசுவலை அடித்தோம். ஸ்க்ரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரும்பு ஆணி என்றால் ஒரே மழைக்காலத்தில் துருக்கறை துணியில் இறங்கிவிடும், அந்தக் கறை போகவே போகாது. கால் நாலும் கருங்கல் துண்டின்மேல் நிற்கிறது. அத்தை ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "மக்களே, வெயில்ல கெடந்த துணிய சூடு ஆறாம உள்ள வைக்காத, வேர்த்துப் பூத்துரும்." அதன்படிதான் நடக்கிறோம். வசம்புத் துண்டு போட்டு வைப்பதும் அவர் பழக்கம். ஆடி மழையிலும் துணியில் வாடை வந்ததில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது தேன்பெட்டிகள். மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பு வீட்டுக்கு வீடு நடந்த தொழில். 1990-களின் தொடக்கத்தில் வைரஸ் நோய் வந்து கூட்டம் கூட்டமாகத் தேனீக்கள் அழிந்தன. பெட்டியை விறகுப்புரையில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போனவர்கள் பலர். அப்படிக் கிடந்தவற்றில் சில, சொந்தக்காரர் வீட்டிலிருந்து எங்களுக்கு வந்தன. நியூட்டன் பெட்டி என்பார்கள். கீழே புழு அறை, அதன்மேல் ஏறக்குறைய பாதி உயரத்தில் தேன் அறை. புழு அறையில் தேனீ அடை கட்டுகிற மரச்சட்டம் 7 நிற்கும். சட்டத்தின் காது உட்காருவதற்காக உள்விளிம்பில் ஒரு படி வெட்டியிருப்பார்கள் பாருங்கள், அதில்தான் விஷயமே இருக்கிறது. அளவுக்கு ஒரு மெல்லிய பலகையை வெட்டி அந்தப் படிமேல் வைத்தால் பெட்டி இரண்டு அடுக்காகிவிடும். கீழே மருந்து, பேண்டேஜ், தெர்மாமீட்டர். மேல்தட்டில் கரண்ட் பில், ரேஷன் கார்டு. இன்னொன்றில் நூல்கண்டும் ஊசியும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கத்தான் அதைச் செய்ததே, அதனால் ஆடாது, சரியாது.

ஆனால் சும்மா எடுத்து வைத்துவிடக்கூடாது. மூலையில் பழைய மெழுகு ஒட்டியிருக்கும். மொட்டைக் கத்தியால் சுரண்டி, வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்து, நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவிட வேண்டும். மெழுகு வாசம் இருந்தால் எறும்பு வரும், மெழுகுப்பூச்சியும் வரும். தேனீ நுழைகிற வாசலில் வலை அடிக்காவிட்டால் கரப்பான் குடியேறும். காற்றுக்கு அந்த வாசலே போதும்.

அடுக்களையில் சீனா பரணி என்கிற பீங்கான் ஜாடி பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கல்லுப்பு, புளி, மாங்காய் ஊறுகாய் மூன்றுக்கும் அதை மிஞ்ச இதுவரை எதுவும் வரவில்லை. விளிம்பு உடைந்ததை மட்டும் கரண்டி நிறுத்த வைத்திருக்கிறோம்.

சின்ன வெங்காயத்துக்குப் பழைய மீன்வலை. கிழிந்த வலை கடற்கரையில் கேட்டாலே கிடைக்கும். புளித்த கஞ்சித்தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து அலசிக் காயப்போட்டால் மீன்வாடை அடங்கிவிடுகிறது. அந்தக் காலத்து உறிபோல உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். எல்லாப் பக்கமும் காற்று போவதால் வெங்காயம் அழுகுவது நன்றாகக் குறைந்தது. ஜன்னலோரம் மட்டும் கட்டாதீர்கள். வெயில் பட்டால் நைலான் இற்று, ஒருநாள் மொத்தமும் தரையில் கொட்டும்.

பிஸ்கட் டின்னை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். பார்க்க அழகு, ஆனால் மூடியின் மடிப்பில் துரு தொடங்கினால் பெயிண்ட் அடித்தும் நிற்காது. நாகர்கோவிலில் இருக்கும் தங்கை வீட்டில் அதே மாதிரி டின்கள் இன்னும் நன்றாக இருக்கின்றன, கடலிலிருந்து அவ்வளவு தள்ளிப் போனால் போதும்போல. பெயிண்ட் வாளி பரவாயில்லை. மண்வெட்டி, கொத்து, தோட்டக் கயிறு போட உதவும். நிழலில் இருக்க வேண்டும்.

குலசேகரம், அருமனைப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வார்த்தை. ரப்பர் பால் உறைய விடுகிற ஃபார்மிக் ஆசிட் கேன் கெட்டியாக, மூடியோடு கிடைக்கிறதே என்று தண்ணீரோ எண்ணெயோ அரிசியோ போட்டு வைக்காதீர்கள். பூச்சிமருந்து கேனும் அப்படித்தான். எத்தனை தடவை கழுவினாலும் உணவுக்கு ஆகாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் தண்ணீர் கேனுக்கும் ஆசிட் கேனுக்கும் வித்தியாசம் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வேறு யாரும் எடுத்துப் புழங்க முடியாதபடி அடியில் ஓட்டை போட்டு, பழைய சாமான் எடுக்கிற ஆக்கர் கடையில் போட்டுவிடுங்கள்.