சொட்டுநீர்ப் பாசனம்: குழாய்க்கு வயதான பிறகு

சொட்டுநீர் போட்டுச் சில ஆண்டுகள் ஓடிவிட்டன. மடை திருப்ப ஆள் வேண்டாம், வரிசைக்கு நடுவில் களை குறையும் என்பதையெல்லாம் விற்கிறவரே சொல்லிவிடுவார். குழாய் பழசான பிறகு என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

காசை இறுக்கக் கூடாத இடம் ஃபில்டர்தான். நீரைச் சொட்டாக விடும் டிரிப்பருக்குள் நீர் போகும் பாதை மிகக் குறுகலானது. மணல், பாசி, உப்பு எது வந்தாலும் அடைத்துக்கொள்ளும். மணல் வரும் ஆழ்துளைக் கிணறென்றால் நீரைச் சுழற்றி மணலைப் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோன், குட்டை நீரென்றால் மணல் ஃபில்டர், அதையடுத்து ஸ்கிரீன் (வலை) அல்லது டிஸ்க் (தட்டு) ஃபில்டர். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் பிரஷர் கேஜ் வைத்தால், இரண்டின் வித்தியாசம் ஏறும்போதே கழுவும் நேரம் வந்துவிட்டது என்று தெரியும்.

சொட்டுகிறதே என்று நம்பிவிடக் கூடாது. மணிக்கு 4 லிட்டர் டிரிப்பரின் கீழ் ஒரு கிண்ணம் வையுங்கள். 6 நிமிடத்தில் 400 மில்லி சேர வேண்டும். கடைசி வரிசையில் 300தான் சேர்ந்தால், அந்தச் செடிகள் கால் பங்கு தண்ணீர் குறைவாகக் குடிக்கின்றன. குழாயின் கடைசி மூடியை (எண்ட் கேப்) கழற்றி, மோட்டாரை ஓட்டி, கலங்கல் போய்த் தெளிந்த நீர் வரும்வரை விட்டால் பெரும்பாலும் சரியாகும். உப்படைப்புக்கு ஆசிட் விட வேண்டியிருக்கும். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. பாசிக்குக் குளோரின் விடுவதாக இருந்தால் அது வேறொரு நாள். இரண்டும் கலந்தால் விஷவாயு வரும்.

உவர் நீர்க்காரர்களுக்கு இன்னொன்று. நனைந்த வட்டத்தின் விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூக்கும். தூறல் போட்டால் அது கரைந்து வேருக்கு இறங்கும். அதனால் உப்பை வேரிலிருந்து தள்ளிவைக்க, லேசான மழையில் சொட்டுநீரை நிறுத்தாமல் ஓட்டுவது நல்லது. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

எவ்வளவு நேரம் ஓட்டுவது? மேல்மண் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், வேர் ஆழத்துக்குத் தோண்டி மண்ணைக் கையில் பிடித்துப் பார்ப்பதே எனக்கு ஒத்துவருகிறது. மூடாக்கும் போட்டால் தண்ணீர் விடும் இடைவெளி நன்றாகவே நீளும். எலி, அணில் கடிக்கு மட்டும் முழுத் தீர்வு இல்லை. குழாயை ஒட்டுப்போடும் ஜாயினரைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் மிச்சமா என்றால், செடிக் கணக்கில் ஆமாம். ஆனால் மிச்சத்தை வைத்து இன்னொரு வயலையும் நட்டுவிட்டால் மோட்டார் ஓடுவது குறையாது, கிணற்று மட்டமும் ஏறாது. வரிசைப் பயிருக்கு மறுபடியும் இதையேதான் போடுவேன். நெருக்கி விதைக்கும் தானியத்துக்கு, குழாய்ச் செலவைப் பார்த்தால், யோசிப்பேன்.