எம்.என்.ஆர்.எஃப்: குழி குறைந்தது, கட்டம் விழுந்தது

பரு விட்டுப்போன குழிகளுக்காகக் கன்னத்தில் எம்.என்.ஆர்.எஃப் (நுண்ணூசி வழியாக ரேடியோ அலைச் சூடு தரும் சிகிச்சை) செய்துகொண்டு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. செய்த வாரத்திலேயே எழுதும் ரிவ்யூக்களை நான் நம்புவதில்லை. அப்போது முகமே வீங்கியிருக்கும். வீக்கத்தில் எந்தக் குழியும் நிரம்பினாற்போலத்தான் தெரியும்.

பலன் உண்டா? உண்டு. அகலமான, சரிவான குழிகள் நன்றாகவே மேலேறியிருக்கின்றன. ஊசித்துளை மாதிரி ஆழமாக இருந்தவை அசையவில்லை. அவற்றுக்கு டி.சி.ஏ. கிராஸ் (குழிக்குள் துளி அமிலம் வைக்கும் முறை) போன்ற வேறு வழிகள்தான்.

நுண்ணிய ஊசிகள் தோலுக்குள் இறங்கியதும் ரேடியோ அலை பாய்ந்து உள்ளே சூடாகிறது. அறுபது டிகிரியைத் தாண்டினால் தோலைத் தாங்கும் புரதமான கொலாஜன் சுருங்கும். அந்தக் காயத்தை ஆற்ற உடம்பு சில மாதங்களில் புதுக் கொலாஜன் போடும். ஆக, காயம்தான் வைத்தியமே. எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு சூடு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கிளினிக்கில் சொன்னது வேறு. “லேசர் மாதிரி இது கருமையைத் தேடிப் போகாது, நம்ம நிறத்துக்குப் பயமே இல்லை.” முதல் பாதி சரி. ஆனால் சூடு அதிகமானால் மாநிறத் தோல் கறுக்காமல் விடுமா?

கடைசி முறை மருத்துவர் இல்லை, உதவியாளர்தான் செய்தார். கன்னத்துக்கு வைத்த அளவை மாற்றாமலேயே கன்ன எலும்பு, நெற்றிப்பொட்டு வரை கொண்டுபோனார். மரப்புக் களிம்பையும் மீறிச் சுரீர் என்றது. மறுநாள் காலை அங்கே வரிசை வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள், கணக்கு நோட்டுக் கட்டம் போல. பொருக்கு ஒரு வாரத்தில் உதிர்ந்தது. நிறம் போகப் பல மாதம் பிடித்தது. கேட்டதற்குக் கிளினிக்கில் “வெயிலில் போனீங்களா?” என்றார்கள்.

வேறொரு தோல் மருத்துவர் விளக்கினார்: எலும்புக்கு மேல் தோலும் கொழுப்பும் மெல்லிசு, அங்கே ஆழத்தையும் சக்தியையும் குறைக்க வேண்டும். ஊசி முழுதாக இறங்காமல் சூடு விட்டால் மேல்தோல் வெந்துபோகும். அளவுக்கு மீறி ஆழம் போனால் கொழுப்பு கரைந்து கன்னம் ஒட்டிப்போகலாம். அது களிம்பில் சரியாகிற விஷயம் இல்லை.

2025 அக்டோபரில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்தக் கருவிகளைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. தீக்காயம், தழும்பு, கொழுப்பு இழப்பு, நரம்புச் சேதம், அறுவை சிகிச்சை தேவைப்பட்ட நிலை வரை அதில் இருந்தன. இது அழகு நிலைய வேலை இல்லை, மருத்துவச் சிகிச்சை. வீட்டில் செய்துகொள்ளக் கூடாது என்றும் சொன்னது. ஆன்லைனில் கருவி தேடுகிறவர்கள் கவனிக்கவும்.

திரும்பச் செய்வேனா? கன்னத்துக்கு மட்டும், செய்வேன். கருவியை மருத்துவரே பிடிக்க வேண்டும், ஊசி முனையைப் புதுப் பாக்கெட்டில் இருந்து என் கண் முன்னால் பிரிக்க வேண்டும், ஓரமாக ஒரு சின்ன இடத்தில் முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். நெற்றிப்பொட்டுப் பக்கம் யாரையும் விடுவதாக இல்லை.