பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாடு: சத்துக் கணக்கோடு ஒரு மதிப்புரை

கோலாலம்பூரில் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி துன் சம்பந்தன் சாலைப் பக்கம் வந்தால், மதியம் பன்னிரண்டு மணிக்கு எல்லா வாழையிலைக் கடையும் ஒரே மாதிரிதான் ஓடும். இலை விழும். மூன்று காய், ஊறுகாய், அப்பளம், சோறு, பின்னாலேயே குழம்பு வாளி. ருசியைப் பற்றி எழுத ஆளுக்குப் பஞ்சமில்லை. இங்கே கணக்கு வேறு: வாரத்தில் ஐந்து நாள் இதையே மதியச் சாப்பாடாக வைத்திருப்பவருக்கு இந்த இலை எதைக் கொடுக்கிறது, எதைக் கொடுக்காமல் விடுகிறது? குறிப்பிட்ட ஒரு கடையை அல்ல, அந்த வட்டாரத்தின் வழக்கமான சைவ இலையைத்தான் எடை போடுகிறோம்.

சோற்றிலிருந்து தொடங்கலாம். ஒரு பெரிய கரண்டி சுமார் 150 கிராம் பிடிக்கும். இரண்டு கரண்டி போட்டால் 300 கிராம்: ஏறக்குறைய 390 கலோரி, மாவுச்சத்து 84 கிராம். மூன்றாவது கரண்டிக்குக் காசு இல்லை என்பதுதான் சிக்கல். இந்தக் கடைகளில் சோறு இலவசம், புரதம்தான் விலைக்கு. கோழிப் பெரட்டலுக்கும் பொரித்த மீனுக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருப்பதால், காசு பார்க்கிறவர் சோற்றாலேயே வயிற்றை நிரப்பிக்கொள்கிறார்.

"வெள்ளைச் சோறா, புழுங்கலா?" என்று கேட்கும் கடைகள் உண்டு. கேட்டால் புழுங்கல் என்று சொல்லுங்கள். நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடும். பிறகு தீட்டினாலும் எல்லாம் போகாது. இது நம் ஊரிலேயே பார்த்துத் தெரிந்துகொண்ட விஷயம். பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் மலாயாவை ஆட்டிய காலத்தில், வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோயாளிகள் இல்லத்தில் ஒரு பிரிவுக்குத் தீட்டிய பச்சரிசியும் இன்னொரு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். 1907-இல் முடிவை வெளியிட்டார். நோய் பச்சரிசிப் பக்கம்தான் விழுந்தது. தோட்டத்துத் தமிழர்களிடம் பெரிபெரி குறைவாக இருந்ததற்கும் அவர்கள் தின்ற புழுங்கலரிசியே காரணம்.

அடுத்தது புரதம். பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் வேண்டும். வேளைக்கு 16, 17 கிராம் என்று வையுங்கள். சைவ இலையில் 300 கிராம் சோறு 8 கிராம் தரும். ஒரு கரண்டி சாம்பார் 3, காய்கள் 2, அப்பளம் 2. ஆக மொத்தம் 15. பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் அதில் பாதிக்கு மேல் சோற்றிலிருந்து வருகிறது. சர்க்கரைக்குப் பயந்து சோற்றைப் பாதியாக்கி, வேறெதுவும் சேர்க்காமல் எழுந்தால் புரதமும் 11-க்கு இறங்கிவிடும். நான்கு மணிக்கே பசித்து, பக்கத்துக் கடையில் வடையும் கறிபாப்பும் தேடுவது இதனால்தான்.

எனவே ஒரு கரண்டி சோற்றைக் குறைத்தால் அந்த இடத்தில் ஒன்றை வைக்க வேண்டும். அவித்த முட்டை ஒன்று 6 கிராம். கொண்டைக்கடலைச் சுண்டல் 100 கிராம் 9. கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி) ஒன்று சாப்பிட்டால் 15-க்கு மேல் வரும், ஒமேகா-3 கொழுப்பும் கூட வரும். வஞ்சிரத் துண்டைவிட விலையும் குறைவு. காசே செலவழிக்காமல் ஒரு வழியும் உண்டு. சாம்பார் வாளியைக் கவனியுங்கள்: அரைமணி நேரம் அசையாமல் இருந்தால் பருப்பு அடியில் தங்கிவிடும், கரண்டி மேலாகத்தான் மொள்ளும். உங்கள் இலைக்கு வருவது மஞ்சள் தண்ணீர். "அண்ணே, அடியில கலக்கி ஊத்துங்க" என்றால் போதும். பருப்பும் சோறும் சேர்ந்தால் ஒன்றில் குறையும் அமினோ அமிலத்தை மற்றது ஈடுகட்டும். அதற்குப் பருப்பு இலையில் விழ வேண்டுமே!

காய்கறிக்கு வருவோம். சுகாதார அமைச்சின் 'சுக்கு-சுக்கு-செப்பாரோ' (கால்-கால்-பாதி) தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு புரதம், பாதி காயும் பழமும். வாழையிலையில் காய் மேல் வரிசையில் ஒரு ஓரம்தான். வகைக்கு இரண்டு மேசைக்கரண்டி, மொத்தம் 100 கிராமைத் தாண்டினால் அதிகம். அதிலும் பாகற்காயைக் காய்க் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது எங்கள் கட்சி. மெல்லியதாக நறுக்கி, மாவில் புரட்டி, மொறுமொறுவென்று பொரித்தால் நீர் வெளியேறி எண்ணெய் உள்ளே போகும். அது நொறுக்குத்தீனி. ருசியானது, அவ்வளவுதான். முட்டைக்கோஸ் காலை பத்துக்கே வெந்து இரண்டு மணிவரை சூட்டில் கிடப்பதால் சி உயிர்ச்சத்து பெரும்பாலும் போயிருக்கும், நார்ச்சத்து மிச்சம். பச்சையாக வருவது வெள்ளரி, வெங்காயம், அன்னாசி போட்ட பச்சடி ஒன்றுதான். கீரையோ பறங்கிக்காயோ இருந்தால் அதையும் பச்சடியையும் இரண்டாம் முறை கேளுங்கள். பல கடைகளில் காயும் இலவசமாகவே மறுபடி வைப்பார்கள், கேட்பவர்தான் இல்லை.

இந்த இலையின் பெரிய ஓட்டை சுண்ணாம்புச் சத்து. ஒரு நாளைக்கு வளர்ந்தவருக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும். கெட்டித் தயிர் 100 கிராமில் 120 அளவுக்கு இருக்கும். அதையே தண்ணீர் விட்டு மோராக்கினால் ஒரு டம்ளரில் 40 தேறுவது கடினம். கீரையில் இருக்கிறதே என்பார்கள். பாயம் கீரையில் ஆக்சாலிக் அமிலம் அதைக் கட்டிப்போட்டுவிடும், உடம்பில் அதிகம் சேராது. சுத்த சைவர்களுக்கு பி12 வரும் வழியும் தயிரும் பாலும்தான். ஆகவே மோருக்குப் பதில் ஒரு கப் தயிர் வாங்கிக்கொள்வது நல்லது.

உப்பைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு சின்னத் தேக்கரண்டி, போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஊறுகாய், மோர் மிளகாய், அப்பளம், மூன்று முறை குழம்பு என்று போனால் ஒரே வேளையில் அதில் பாதியை எளிதாகத் தாண்டிவிடலாம். குழம்பைச் சோறு முழுக்க ஊற்றாமல் ஓரமாக விடச் சொல்லுங்கள்.

கடைசியில் தே தாரேக், அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீர். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து ஏற்கெனவே குறைவாகத்தான் உடம்பில் சேரும். தேயிலையின் துவர்ப்பு அதையும் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் இந்தச் சேதம் குறையும். இரத்தசோகை உள்ள பெண்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இன்னொன்று: தண்ணி கலக்குகிற மேசையில் இருக்கும் டின்னைப் படித்துப் பாருங்கள். பல இடங்களில் அது பால் அல்ல, 'கிரீமர் மானிஸ்'. செம்பனை எண்ணெயும் சீனியும் முன்னால் நிற்கும். இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் சீனி மட்டும் 20 கிராம். சாப்பாட்டோடு குடிக்க ஏதாவது வேண்டுமென்றால் சீனி போடாத எலுமிச்சைச் சாறு. அதன் சி உயிர்ச்சத்து இரும்பு சேர உதவும். பழம் இலையில் இல்லவே இல்லை. சாலையோர வண்டியில் கொய்யா வாங்குங்கள், அசாம்பொடி வேண்டாம் என்று சொல்லி.

அப்படியே சாப்பிட்டால் இந்த இலைக்குப் பத்துக்கு ஆறு. புழுங்கல் ஒரு கரண்டி, கலக்கிய சாம்பார், காய் இரண்டு தடவை, முட்டை அல்லது மீன், தயிர் என்று கேட்டு வாங்கினால் எட்டரை.

பொட்டலம் வாங்குகிறவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே சோறு அமுக்கிக் கட்டப்படும், காய் சின்னப் பைக்குள் போகும். சோற்றில் கரண்டி வைப்பதற்கு முன்பே "சோறு பாதி, கீரை ரெண்டு பாக்கெட்" என்று சொல்லிவிட வேண்டும். கட்டியபின் யாரும் பிரிக்க மாட்டார்கள். தயிரோ மோரோ கேட்காவிட்டால் பையில் இருக்காது.