சொந்த எண்ணா, கடை எண்ணா, எண்ணே வேண்டாமா? வீட்டிலிருந்து விற்பவர்களுக்கு ஓர் அலசல்

வீட்டிலிருந்தே சேலையோ சாம்பார்ப் பொடியோ விற்கத் தொடங்கும் பெண்கள் முதலில் தயங்கி நிற்பது போன் நம்பரில்தான். "நம்பரைப் போடலாமாக்கா?" என்று கேட்காதவர்கள் குறைவு. போடாவிட்டால் ஆர்டர் வராது. போட்டால் ராத்திரி பதினோரு மணிக்கு யாரென்றே தெரியாத ஒருவன் "ஹாய்" என்பான், பதில் வராவிட்டால் "டிபி சூப்பர்" என்பான்.

அதற்காக முழுக்க ஒளிந்துகொண்டும் விற்க முடியாது. இளம்பிள்ளைச் சேலையை நூறு பேர் மறுவிற்பனை செய்கிறார்கள், படமும் ஒன்று, விலையும் கிட்டத்தட்ட ஒன்று. அந்த நூறு பேரில் ஒருவரிடம் மட்டும் ஒரு வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வாங்குகிறார் என்றால், சாயம் போனால் கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்ற தைரியம்தான் காரணம். அந்த ஆளாக நாம் இருக்க வேண்டும், ஆனால் நம் வீட்டு வாசல் வரை எல்லோரும் வந்துவிடவும் கூடாது. இதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: எல்லாவற்றுக்கும் சொந்த எண், கடைக்கென்று தனி எண், எண்ணே கொடுக்காமல் மீஷோ, அமேசான் மாதிரித் தளங்களில் விற்பது. நான் இரண்டாவதன் பக்கம்.

சொந்த எண்ணிலேயே நடத்துவது

இதில் செலவு இல்லை, முதல் வாடிக்கையாளர்களான சித்தி, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா எல்லோரும் ஏற்கெனவே போனில் இருக்கிறார்கள். முதல் சில மாதங்களுக்கு இதைவிட நெருக்கமான வழி வேறு இல்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், வாட்ஸ்அப் வேலை செய்யும் விதத்தில். ஸ்டேட்டஸ், டிபி, லாஸ்ட் சீன் எல்லாவற்றையும் "என் தொடர்புகளுக்கு மட்டும்" என்று வைத்துவிட்டால் போதும் என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் வியாபாரத்துக்காக வாடிக்கையாளர் எண்களை ஒவ்வொன்றாகச் சேமித்தபடியே இருக்கிறோம், அவர்களும் நம் எண்ணைச் சேமிக்கிறார்கள், ஒரு கட்டத்தில் அந்த "தொடர்புகள்" பட்டியலில் குடும்பம் நாற்பது பேர், அந்நியர் அறுநூறு பேர் என்று ஆகிவிடுகிறது. குழந்தையின் பிறந்தநாள் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தால் அந்த அறுநூறு பேரும் பார்க்கிறார்கள். ஊருக்குப் போகிறோம் என்று ரயில் நிலையப் படம் வைத்தால், வீடு பூட்டியிருப்பதும் அவர்களுக்குத் தெரிகிறது.

அப்புறம் யூபிஐ. "இதே நம்பருக்கு ஜிபே பண்ணுங்க" என்று சொல்வது சுலபம், ஆனால் பணம் அனுப்புபவர் திரையில் வங்கிக் கணக்கில் உள்ள பெயர் தெரியும், அந்த எண்ணே பெரும்பாலும் வங்கிக்கும் ஆதாருக்கும் கொடுத்த எண்ணாக இருக்கும். ஓடிபி வரும் எண்ணை ஊர் முழுக்க விளம்பரத்தில் போடுவது எனக்குக் கொஞ்சமும் சரியாகப் படவில்லை. இன்ஸ்டாகிராமையும் அதே எண்ணில் தொடங்கியிருந்தால், அந்த எண்ணைத் தன் போனில் வைத்திருப்பவர்களுக்கு உங்கள் குடும்பக் கணக்கும் பரிந்துரையாகப் போக வாய்ப்பு உண்டு.

கடைக்கென்று தனி எண்

இரண்டாவது சிம், அதில் வாட்ஸ்அப் பிசினஸ். 2018-இல் வந்த இலவச ஆப் இது, சாதாரண வாட்ஸ்அப்போடு அதே போனிலேயே ஓடும். செலவென்றால் மாதாமாதம் இன்னொரு ரீசார்ஜ் மட்டும். இங்கே டிபியாகக் கடைப் பெயரை வைக்கலாம், ஸ்டேட்டஸில் சரக்கு மட்டும் போகும், கேட்டலாக்கில் விலையோடு படங்களை வைத்துவிட்டால் "விலை என்ன" என்று ஒவ்வொருவருக்கும் தட்டச்சு செய்ய வேண்டாம். இரவு எட்டு மணிக்கு மேல் வரும் செய்திக்கு "காலையில் பதில் சொல்கிறேன்" என்று தானாகப் போகும்படி வைக்கலாம்.

இப்படிச் செய்தால் உறவு விட்டுப்போய்விடும் என்று சொல்பவர்கள் உண்டு, "கம்பெனி மாதிரி ஆயிடும்க்கா" என்பார்கள். நான் பார்த்த வரை நேர் எதிர்தான். பிசினஸ் ஆப்பில் ஒவ்வொரு உரையாடலுக்கும் லேபிள் போடலாம். "புதியவர்", "பணம் பாக்கி" என்று அவர்கள் கொடுக்கும் லேபிள்களை விட்டுவிட்டு, "தை மாதக் கல்யாணம்", "காரம் குறைவு", "அம்மாவுக்கு ஒன்பது கஜம்" என்று நமக்கு வேண்டியபடி வைத்துக்கொள்ளலாம். மார்கழி பிறந்ததும் அந்தக் கல்யாண லேபிளைத் திறந்து, "அக்கா, பொண்ணுக்கு முகூர்த்தச் சேலை எடுத்தாச்சா? கத்தரிப்பூ நிறம் கேட்டிருந்தீங்களே, வந்திருக்கு" என்று ஒரு குரல் செய்தி அனுப்பிப் பாருங்கள். அந்த அக்காவுக்கு உங்கள் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது, பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்றெல்லாம் தெரிய வேண்டியதே இல்லை. தான் சொன்னதை ஒருவர் நினைவில் வைத்திருந்தார் என்பது போதும். சொந்த எண்ணில் இதே செய்தி மாமியார், பள்ளிக் குரூப், கேஸ் புக்கிங் எல்லாவற்றுக்கும் நடுவே மறந்தே போயிருக்கும்.

இன்னொரு வசதி பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. தனி எண்ணை இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம். உடம்பு சரியில்லாத நாளில் தங்கையோ உதவிக்கு வரும் பெண்ணோ லேப்டாப்பில் இணைத்துக்கொண்டு ஆர்டர் பார்க்கலாம், நம் குடும்பப் பேச்சு எதுவும் அவர் கண்ணில் படாது.

இரண்டு காரியங்களை மட்டும் முதல் நாளே செய்துவிட வேண்டும். ஒன்று, வேறு யாரும் நம் எண்ணில் வாட்ஸ்அப்பைத் திறந்துவிடாமல் இருக்க, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்ற ஆறு இலக்க பின். இரண்டு, ஜிபேயிலோ போன்பேயிலோ வியாபாரிகளுக்கான கணக்கு தொடங்கி அந்தக் கியூஆரை அனுப்புவது, அதில் கடைப் பெயர் வரும்.

குரூப்பா, பிராட்காஸ்டா, சேனலா

எண்ணைப் பிரித்தவர்களும் வழுக்குவது இங்கேதான். குரூப்பில் 1024 பேர் வரை சேர்க்கலாம், கலகலப்பாகவும் இருக்கும், ஒருவர் "எனக்கு" என்றதும் இன்னொருவருக்கும் ஆசை வரும். விற்பனைக்கு நல்லதுதான். ஆனால் குரூப்பில் இருக்கும் ஒவ்வொருவர் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். போட்டிக்கு விற்பவர் ஒருவர் வாடிக்கையாளர் மாதிரி உள்ளே வந்து எல்லா எண்களையும் எடுத்துக்கொண்டு போவது சேலை வியாபாரத்தில் இருப்பவர்களுக்குப் புதிய செய்தி இல்லை. அதைவிடப் பெரிய வருத்தம், உங்களை நம்பி எண் கொடுத்த ஒரு பெண்ணுக்கு உங்கள் குரூப் வழியாகவே அந்த "ஹாய்" போவது.

பிராட்காஸ்ட் லிஸ்டில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு பட்டியலில் 256 பேர், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, பதில் நம்மிடம் மட்டும் தனியாக வரும். நம் எண்ணைச் சேமித்தவர்களுக்குத்தான் செய்தி போய்ச் சேரும் என்பதைக் குறையாகச் சொல்வார்கள், எனக்கு அது நிறையாகத் தெரிகிறது, வேண்டும் என்று நினைப்பவர் மட்டும் வாங்கிக்கொள்கிறார். இந்தியாவில் 2023 செப்டம்பரில் வந்த சேனல் இன்னும் பாதுகாப்பு, நடத்துபவரின் எண்கூடத் தெரியாது. ஆனால் அதில் எமோஜி போடலாமே தவிர பேச முடியாது. புதுச் சரக்கு வந்ததைச் சொல்லச் சேனல், பழகியவர்களுக்கு பிராட்காஸ்ட், குரூப் வேண்டவே வேண்டாம் என்பது என் கணக்கு.

எண்ணே இல்லாமல் தளங்களில்

மீஷோவிலும் அமேசானிலும் ராத்திரி "ஹாய்" வராது, அது பெரிய நிம்மதி. ஆனால் வாங்கியவர் யாரென்று நமக்கும் மனதில் நிற்பதில்லை, நம்மை அவருக்கும் தெரியாது. அடுத்த தடவை நேரே என்னிடம் வாங்குங்கள் என்று பார்சலில் சீட்டு வைப்பதை அமேசான் அனுமதிப்பதில்லை. பத்து ரூபாய் குறைவாகக் கொடுக்கும் இன்னொருவரிடம் அவர் போய்விடுவார். முகவரி மறைந்துவிடும் என்று நினைத்து இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும், அனுப்புபவர் முகவரி பார்சலில் அங்கும் அச்சாகிறது. தேங்கிய சரக்கைத் தள்ள நல்ல வழி. உறவு வைத்து வளரும் தொழிலுக்கு இது மட்டும் போதாது.

முகவரி

சேலைக்காரர்களுக்கு இது கொஞ்சம் சுலபம். எஸ்டி கூரியரோ புரொஃபஷனலோ, அனுப்புநர் இடத்தில் கடைப் பெயர், கடை எண், கணவரின் அலுவலகமோ அண்ணன் கடையோ இருந்தால் அந்த முகவரி என்று எழுதலாம், திரும்பி வரும் பார்சலை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இருந்தால் சரி. கூகுள் மேப்பில் கடையைப் பதியும்போது தெரு முகவரியை மறைத்து, எந்தெந்தப் பகுதிக்கு அனுப்புகிறீர்கள் என்பதை மட்டும் காட்டலாம்.

பொடி, ஊறுகாய், வடகம் விற்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. பாக்கெட்டில் தயாரிப்பாளர் பெயர், முழு முகவரி, உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் மூன்றும் இருக்க வேண்டும் என்பது சட்டம். சாப்பிடுகிற பொருள், கெட்டுப்போனால் யாரிடம் கேட்பது என்று வாங்குபவருக்குத் தெரிந்தாக வேண்டும், அது நியாயமும்கூட. சொந்த இணையதளம் வைத்தாலும் 2020-இன் மின்வணிக விதிகள் பெயர், முகவரி, தொடர்பு விவரம் கேட்கின்றன. ஜிஎஸ்டி வாங்கினால் அந்த எண்ணை அரசுத் தளத்தில் தேடும் யாருக்கும் தொழில் நடக்கும் முகவரி தெரியும். ஆகவே உணவு விற்பவர்கள் முகவரி வெளியே போகும் என்று தெரிந்தே தொடங்குங்கள், மற்றவற்றை இறுக்கிப் பிடியுங்கள். காசு கொடுத்து வாங்கியவர் கையில் இருக்கும் பாக்கெட்டில் முகவரி இருப்பது ஒன்று, இன்ஸ்டாகிராம் பயோவில் அதை ஊருக்கே எழுதி வைப்பது வேறொன்று.

வீடியோவில் முகம் காட்டலாமா என்பது அவரவர் விருப்பம். சேலையை விரித்து முந்தானையைத் தடவிக் காட்டும் கையும், பேசும் குரலும் இருந்தாலே நம்பிக்கை வருகிறது, பலர் அப்படியே வருடக்கணக்காக விற்கிறார்கள். முகத்தைவிட நான் கவலைப்படுவது பின்னணியைப் பற்றி. சேலை தொங்கும் சுவரில் மின்வாரிய மீட்டர் அட்டை, கொடியில் காயும் பிள்ளையின் சீருடை, அதில் பள்ளிச் சின்னம், ஜன்னல் வழியே தெரியும் கோயில் கோபுரம். உள்ளூர்க்காரர் ஒருவருக்கு இவை போதும், தெருவைக் கண்டுபிடித்துவிடுவார். ஒரு வெறும் சுவரைத் தேர்ந்தெடுத்து எப்போதும் அங்கேயே எடுங்கள்.

அவர்களுடையதும்தான்

நம் அந்தரங்கத்தைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு வாடிக்கையாளருடையதைப் பற்றி நாம் கவலைப்படுவதில்லை, இது எனக்கு உண்மையாகவே உறுத்துகிறது. "இன்றைய டிஸ்பாட்ச்" என்று பார்சல்களை அடுக்கிப் படம் போடுகிறார்கள், மேலே இருக்கும் பார்சலில் ஒரு பெண்ணின் பெயர், கதவு எண், கைப்பேசி எண் பளிச்சென்று தெரிகிறது. பாராட்டுச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டில் எண் அப்படியே இருக்கிறது. சேலை கட்டி ஆசையாக அனுப்பிய படத்தைக் கேட்காமல் ரீலில் சேர்க்கிறார்கள். பார்சலைத் திருப்பி அடுக்க ஒரு நிமிடம், "அக்கா, இந்தப் படத்தைப் போடலாமா?" என்று கேட்க இன்னொரு நிமிடம். அப்படிக் கேட்டவரை அந்த அக்கா மறக்க மாட்டார், நாலு பேரிடம் சொல்வார். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 2025 நவம்பரில் விதிகளும் வெளியாகிவிட்டன. பார்சல் அனுப்ப வாங்கிய முகவரி பார்சல் அனுப்ப மட்டும் என்பதுதான் அதன் சாரம்.

ஏற்கெனவே பழைய எண்ணில் ஓடுகிறது என்றால்

வாடிக்கையாளர்கள் எல்லோரிடமும் சொந்த எண்தான் இருக்கிறது, இப்போது எப்படி மாற்றுவது என்று கேட்டால், கடையை மாற்றாதீர்கள், குடும்பத்தை மாற்றுங்கள். பழைய எண்ணையே பிசினஸ் ஆப்பில் பதிந்தால் உரையாடல்களைக் கூடவே கொண்டுபோகலாம், ஒரு வாடிக்கையாளரும் தொலைய மாட்டார். புது சிம்மை நாற்பது சொந்தக்காரர்களுக்குச் சொல்வது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அதற்கு முன்னால் வங்கி, ஆதார் இரண்டிலும் புது எண்ணைக் கொடுத்து, ஓடிபி அதில் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். இந்த வேலைக்கு ஆடி மாதத்துக்கு முன்னாலோ, பொங்கல் கழிந்த பிறகோ நேரம் ஒதுக்குங்கள், தீபாவளி ஆர்டர் நடுவில் வேண்டாம். எது எப்படியோ, கடை சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடாதீர்கள், சில மாதங்களில் அந்த எண் வேறு யாருக்காவது போய்விடும், அதற்கு வரும் ஆர்டரும் கூடவே போகும்.