ரிவேர்ஸில் இடிக்கும் ஓட்டோ கார்: மவுண்டா, ஒயிலா, கியர்பொக்ஸா?

ஓட்டோ கியர் காரை ரிவேர்ஸில் போட்டதும் 'டக்' என்று ஒரு இடி. திருகோணமலையில் இதை மூன்று கராஜில் சொன்னால் மூன்று பதில் வரும். ஒருவர் மவுண்ட் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர்) போய்விட்டது என்பார், அடுத்தவர் கியர் ஒயிலை மாற்றச் சொல்வார், மூன்றாமவர் கியர்பொக்ஸை இறக்க நாள் குறிப்பார். மூன்றுமே நடக்கக்கூடியவைதான். செலவோ மலைக்கும் மடுவுக்கும்.

இவற்றைப் பிரித்துப் பார்க்க இடியின் பலத்தைவிட அது வரும் நேரத்தைத்தான் நான் நம்புவேன். லிவர் ஆர்-இல் விழுந்த கையோடு இடித்தால் மவுண்ட், அல்லது ஐட்லிங் (அக்சிலரேட்டர் மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) பக்கம் போங்கள். ஒன்றிரண்டு விநாடி ஒன்றும் நடக்காமல் இருந்துவிட்டுப் பிறகு தூக்கிப் போட்டால், உள்ளே ஒயில் அழுத்தம் பிந்தி வருகிறது. அது ஒயில் அல்லது கியர்பொக்ஸ்.

மவுண்டுக்கே முதல் இடம் கொடுப்பேன். முன்னுக்குப் போகும்போது எஞ்சின் ஒரு பக்கம் முறுக்கும், ரிவேர்ஸில் மறுபக்கம். அதனால் வெடித்த ரப்பர் முன்னுக்குப் போகும் டி-இல் சத்தமில்லாமல் இருந்துவிட்டு ஆர்-இல் மட்டும் காட்டிக்கொடுப்பதுண்டு. பார்ப்பதற்கு மெஷின் எதுவும் வேண்டாம். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கை இறுக்கி மிதித்து, பொனட்டைத் திறந்துவைத்து, இன்னொருவரைப் பக்கவாட்டில் நிற்கச் சொல்லுங்கள். காருக்கு முன்னாலோ பின்னாலோ எவரும் நிற்கக் கூடாது. "தம்பி, டி-ல போடு... இப்ப ஆர்... திரும்ப டி" என்று அவர் சொல்லச் சொல்ல மாற்றுங்கள். நல்ல மவுண்ட் என்றால் எஞ்சின் லேசாக அசைந்து நிற்கும். போன மவுண்ட் என்றால் எஞ்சின் எழும்பி விழுவது கண்ணுக்கே தெரியும். உள்ளே திரவம் உள்ள மவுண்ட் கிழிந்தால் அதன் அடியில் கறுப்பாக எண்ணெய் போன்ற கசிவு இருக்கும்.

மாற்றுவதென்றால் ஜப்பானில் கழற்றிய பழைய மவுண்டை வாங்காதீர்கள். ரப்பருக்கு ஓடிய கிலோமீற்றரை விட வயதுதான் எதிரி. மலிவான டூப்ளிகேட்டில் இடி நிற்கும், ஆனால் ரப்பர் கடினமானதாக இருந்தால் சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரமாகவே நிற்கும் கார்களில் போல்ட் துருவேறி இறுகியிருக்கும், கூலி பேசும்போது அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

ஐட்லிங் சின்ன விசயம். காலையில் எஞ்சின் குளிராக இருக்கும்போது ஆர்.பி.எம். 1000-க்கு மேல் நிற்கும், அப்போது கொஞ்சம் இடிப்பது வழமை. சூடான பின்னும் இறங்காவிட்டால் எஞ்சினுக்குக் காற்றை விடும் த்ரொட்டில் பொடியைக் கழுவிப் பாருங்கள். ஏசியை நிறுத்தினால் இடி குறைகிறதா என்பதையும் கவனியுங்கள்.

உவர்மலை போல ஏற்றத்தில் நிறுத்துபவர்களுக்கு இன்னொன்று. ஹேண்ட்பிரேக் இல்லாமல் பி-இல் (பார்க்கிங்) விட்டால் காரின் முழுப் பாரமும் கியர்பொக்ஸுக்குள் இருக்கும் ஒரு சின்னக் கொக்கியில் தொங்கும். பி-இலிருந்து எடுக்கும்போது அது விடுபடும் சத்தத்தைத்தான் பலர் கியர்பொக்ஸ் வருத்தம் என்று நினைக்கிறார்கள். என்-இல் (நியூட்ரல்) வைத்து ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்து, கார் அசையாமல் நின்ற பிறகு பி-இல் போடுங்கள். செலவு பூச்சியம்.

அப்புறம் கியர் ஒயில். நிலாவெளி வரை ஒருமுறை போய் வந்தால் பார்க்கும் அளவுக்குச் சூடாகிவிடும். ஒயில் மட்டம் பார்க்கும் குச்சி உள்ள டொயோட்டாவில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும், ஹொண்டாவின் பழைய ஓட்டோக்களில் நிறுத்திய உடனே. சிவப்பு நல்லது. கறுத்து, கருகல் மணம் வந்தால் கியர்பொக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தேய்கிறது. எதை ஊற்றுவது என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்: கொரோலா 121-க்கு டி-4 (T-IV) என்ற ஒயில், பிந்திய டொயோட்டா ஓட்டோக்களுக்கு டபிள்யூ.எஸ். (WS), படிப்படியான கியர் இல்லாத சிவிடி கியர்பொக்ஸ் என்றால் அதற்கே உரியது. "எல்லாம் ஒன்றுதான் அண்ணன்" என்பவரிடம் காரை விடாதீர்கள். புது ஒயில் போட்டால் பழைய கியர்பொக்ஸ் செத்துவிடும் என்பதில் பாதிதான் உண்மை, அது ஏற்கெனவே சாகக் கிடந்ததாக இருக்கும். அப்படிப்பட்டதில் மெஷின் வைத்து அடித்துக் கழுவாமல், வடித்துவிட்டு அதே அளவு ஊற்றுவதுதான் பாதுகாப்பு.

கியர்பொக்ஸை இறக்கும் பேச்சு இவ்வளவும் முடிந்த பிறகு. டி சீராக இருந்து ஆர் மட்டும் பிந்துகிறது, அக்சிலரேட்டர் மிதித்தால் எஞ்சின் மட்டும் அலறுகிறது என்றால் முதலில் கம்பியூட்டர் ஸ்கேன். ஒயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சொலனொயிட், வால்வ் பொடி அளவில் முடிகிறதா என்று கேளுங்கள். கொழும்பில் வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் இருந்து ரீகண்டிஷன் கியர்பொக்ஸ் இறக்குவதானால் கோட் நம்பர் ஒத்துப்போக வேண்டும், உத்தரவாதம் பில்லில் எழுதியிருக்க வேண்டும். கொழும்பு 250 கிலோமீற்றருக்கு மேல், திருப்பிக் கொடுக்கப் போவதே தனிச் செலவு.

அக்வா, பிரியஸ் போன்ற டொயோட்டா ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. அவற்றில் ரிவேர்ஸ் கியரே கிடையாது, மோட்டார்தான் எதிர்ப்பக்கம் சுற்றும். உங்கள் அக்வாவில் ரிவேர்ஸ் கிளட்ச் போய்விட்டது என்று யாராவது சொன்னால் திறப்பை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.